யாழ்ப்பாணத்தில் வீடு விற்கத் தரகர் பிடிப்பது எப்படி? உறுதியில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

வீட்டை விற்கும் யோசனை இருக்கிறது என்று கடையில் ஒருவரிடம் சொன்னால் போதும். அன்று பின்னேரமே இரண்டு தரகர்கள் படலையில் நிற்பார்கள். "அண்ணை, கனடாப் பாட்டி ஒண்டு ரெடியா நிக்குது. எவ்வளவு சொல்லுறியள்?" வாங்க வரும் ஆளைத்தான் "பாட்டி" (party) என்கிறார்கள். முதல் கேள்வியே விலையாக இருக்கும்.

அந்தக் கேள்வியோடு வருபவரைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். "உறுதி ஆற்றை பேரிலை? பிளான் இருக்கோ? கிணறு பங்கோ தனியோ?" என்று தொடங்குபவரே உங்களுக்கு வேண்டியவர். யாழ்ப்பாணத்தில் வீட்டு விற்பனை குழம்புகிற இடம் அநேகமாக உறுதிதான், அதாவது காணியின் உரிமைப் பத்திரம். விலை பொருந்தி, முற்பணம் கைமாறி, உறுதி எழுதும் நொத்தாரிசு காணிப் பதிவேட்டைப் பார்த்த பிறகு நின்றுபோகும் விற்பனைகளில் இழக்கப்படுவது பல மாதங்கள். உறுதியை முதலிலேயே பார்த்த தரகர் அந்த மாதங்களை உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தருவார்.

தரகரைத் தேடும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்களுடைய உறுதியை நீங்கள் ஒருமுறை முழுதாக வாசியுங்கள். பெட்டகத்தில் வைத்துப் பூட்டியதோடு சரி என்றிருப்பவர்களே அதிகம். வாசிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில.

முதலாவது, உறுதியின் வகை. அறுதி உறுதியா, நன்கொடையா, சீதனமா, முதுசமாக வந்து பெயர் மாற்றாமலே கிடக்கிறதா? நன்கொடை உறுதியில் அப்பா அம்மாவுக்குச் சீவிய உரித்து (வாழும்வரை அனுபவிக்கும் உரிமை) வைக்கப்பட்டிருந்தால் அவர்களுடைய கையொப்பமும் தேவைப்படும். காணி சீதனமாகவோ வேறு வழியிலோ மனைவியின் பெயரில் இருந்து, அவர் தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டம்) உட்பட்டவர் என்றால், கணவனின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் மனைவி அதை விற்க முடியாது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இன்றும் அப்படித்தான் சொல்கிறது. கணவன் வெளிநாட்டில், தொடர்பில் இல்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி கேட்க வேண்டிவரும். அதற்கு எடுக்கும் காலத்தைத் தரகரின் "ரெடிப் பாட்டி" பொறுத்திருக்காது. தேடிய தேட்டம், அதாவது திருமண காலத்தில் தேடிய சொத்து என்றால் இருவரும் சேர்ந்து கையொப்பமிடுவதே பிற்காலச் சிக்கலைத் தவிர்க்கும்.

இரண்டாவது, பங்கு. காணியில் சகோதரருக்கோ மச்சாளுக்கோ பிரிக்கப்படாத பங்கு இருக்கிறதா? தேசவழமையின் முன்னுரிமைக் கொள்வனவு உரித்து 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கூட்டுரிமையாளருக்கு முறைப்படி அறிவிக்காமல் வெளியாருக்கு விற்றால் அவர் நீதிமன்றம் போகலாம். இந்த அறிவித்தலை நொத்தாரிசு வழியாகவே கொடுங்கள். கோயில் திருவிழாவில் கண்டு வாயால் சொன்னது கணக்கில் வராது.

மூன்றாவது, அளவு. பழைய உறுதிகள் பலவற்றில் பிளான் இல்லை. "வடக்கு இன்னாரின் காணி, கிழக்கு ஒழுங்கை" என்று எல்லைகள் மட்டும் இருக்கும். அந்த இன்னார் இறந்து மூன்று தலைமுறை ஆகியிருக்கும். அளவு பரப்பிலும் குழியிலும் எழுதப்பட்டிருக்கும். மேட்டுக் காணிக்கான வரகுக் கணக்கில் 18 குழி ஒரு பரப்பு, ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ், 16 பரப்பு ஓர் ஏக்கர். உறுதியில் 2 பரப்பு 9 குழி என்றால் 25 பேர்ச்சஸ். அனுமதி பெற்ற நில அளவையாளர் அளக்கும்போது மதிலும் ஒழுங்கையும் தின்றது போக 23.8 பேர்ச்சஸ்தான் வருகிறது என்று வைப்போம். பரப்பு 60 இலட்சம் போகும் இடமாயின் பேர்ச்சஸ் 6 இலட்சம். குறைந்த 1.2 பேர்ச்சஸின் பெறுமதி 7 இலட்சத்து 20 ஆயிரம். அந்தக் காணியும் வீடும் சேர்ந்து 2 கோடி 40 இலட்சத்துக்குப் போனால் நூற்றுக்கு மூன்று வீதத் தரகும் அதே தொகைதான். தரகுக்காக மல்லுக்கட்டுகிறவர்கள் அளவைக்குச் செலவழிக்கத் தயங்குவது விளங்காத புதிர். வாங்குபவர் அளந்து குறை கண்டுபிடித்தால் அவர் கேட்கும் கழிவு அதைவிடப் பெரிதாக இருக்கும்.

நான்காவது, கிணறும் வழியும். "கிணற்றில் பங்கும், நீர் அள்ளும் உரித்தும், வழி வாய்க்காலும்" என்ற வரி உங்கள் உறுதியில் இருக்கிறதா, அயலவரின் உறுதியில் உங்கள் வளவைக் குறித்து இருக்கிறதா என்று பாருங்கள். கொக்குவில், கோண்டாவில், மானிப்பாய்ப் பக்கப் பழைய வளவுகளில் இது சாதாரணம். வெளிநாட்டிலிருந்து வாங்குபவருக்குப் பங்குக் கிணறு என்றாலே முகம் மாறும். அதை அவர் கடைசி நாளில் அறியக்கூடாது.

இவற்றோடு சோலைவரிப் பற்றுச்சீட்டு, வீதிக்கோட்டுச் சான்றிதழ், கட்டட அனுமதி வரைபடம், வீடு புதிதென்றால் சபை கொடுத்த சீ.ஓ.சீ. (அனுமதிப்படி கட்டப்பட்டதென்ற சான்றிதழ்) ஆகியவற்றை எடுத்து வையுங்கள். வங்கிக் கடனில் வாங்குபவருக்கு இவை இல்லாமல் எதுவும் நகராது. மூல உறுதி யுத்தத்தில் தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். நொத்தாரிசு ஒவ்வோர் உறுதியின் இணைப்பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். அங்கே உறுதிப்படுத்தப்பட்ட பிரதி எடுக்கலாம். கடைசி 30 வருடப் பதிவையும் அப்போதே தேடுவித்து, பழைய ஈடு (அடமானம்) எதுவும் மீட்கப்படாமல் கிடக்கிறதா என்று பாருங்கள். கட்டி முடித்த கடனின் ஈடு பதிவேட்டில் அப்படியே நிற்பது அடிக்கடி நடக்கிறது.

எங்கே தேடுவது

பத்திரிகை விளம்பரமும் இக்மன் போன்ற தளங்களும் பெயர்களைத் தரும், நம்பிக்கையைத் தராது. தரகர் தன் வேலையை முடிப்பது மூன்று பேருக்கு முன்னால்: நொத்தாரிசு, நில அளவையாளர், வங்கியின் கடன் அதிகாரி. ஆகவே இந்த மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இந்தப் பக்கத்தில் கடதாசியை ஒழுங்காகக் கொண்டுவருகிற தரகர் யார்?" இரண்டு வாயில் ஒரே பெயர் வந்தால் அவரிடமிருந்து தொடங்குங்கள். "அவரா..." என்று இழுத்து ஒருவர் நிறுத்தினால் அதுவும் பதில்தான்.

இடம் முக்கியம். நல்லூர், திருநெல்வேலிப் பக்கம் ஓடித்திரியும் தரகருக்குச் சாவகச்சேரியில் போன மாதம் எந்த விலைக்கு உறுதி எழுதப்பட்டது என்று தெரியாது. பலாலி வீதியில் கடைக்கட்டடம் விற்பவருக்கு உள் ஒழுங்கை வீடு வாங்கும் குடும்பத்தைத் தெரியாது. உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றருக்குள், உங்கள் வீட்டைப் போன்ற வீட்டை, கடந்த ஒரு வருடத்தில் விற்றவரைத் தேடுங்கள்.

மூன்று பேரைத் தனித்தனியாகச் சந்தியுங்கள். ஒரே நாளில் வேண்டாம். முதலாமவர் சொன்னதை இரண்டாமவரிடம் சரிபார்க்க உங்களுக்கு நேரம் வேண்டும்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

"இந்த விலையை எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" இதுதான் பெரிய கேள்வி. இணையத்தில் கிடக்கும் விலைகள் கேட்கப்படும் விலைகள். உறுதி முடிந்த விலை வேறு. நல்ல தரகர் அயலில் முடிந்த இரண்டு மூன்று விற்பனைகளைச் சொல்லி, உங்கள் வீடு அவற்றிலிருந்து எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று விளக்குவார்: ஒழுங்கையில் வாகனம் திரும்புமா, கிணற்றுநீர் உவரா, மாரியில் வெள்ளம் நிற்குமா, கூரை ஓடா பிளேட்டா. மூவரில் ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட 40 இலட்சம் கூடச் சொன்னால் சந்தோசப்படாதீர்கள். உயர்ந்த விலையைக் காட்டி வீட்டைத் தன் கைக்குள் பிடிப்பதும், இரண்டு மாதம் கழித்து "சந்தை விழுந்துபோச்சு, இறக்குங்கோ" என்பதும் பழைய வித்தை. அந்த இரண்டு மாதத்தில் வீடு ஊரெல்லாம் அடிபட்டு, "விலைப்படாத வீடு" என்ற பெயரும் எடுத்துவிடும்.

"உங்களுடன் எத்தனை பேர் நிற்கிறார்கள்?" இங்கே ஒரு விற்பனையில் மூன்று நான்கு தரகர்கள் சங்கிலியாகக் கோர்த்திருப்பது வழக்கம். சங்கிலி தவறல்ல. பங்கு பிரிப்பது அவர்களுடைய வேலை, உங்கள் தரகு ஒன்றே என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"வாங்குபவரிடமும் வாங்குவீர்களா?" பெரும்பாலோர் இரண்டு பக்கமும் வாங்குவார்கள். அதை நேராகச் சொல்பவரிடம் உங்கள் பக்க வீதத்தைக் குறைக்கக் கேட்கலாம். மறைத்து, பிறகு தெரியவந்தால் மற்றவற்றையும் சந்தேகியுங்கள்.

"வாங்குபவர் எந்த நாட்டுப் பிரஜை?" இதைத் தரகர் தானாகவே விசாரித்திருக்க வேண்டும். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணியை உரிமை மாற்ற முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்குத் தடையில்லை. கனடாவிலோ லண்டனிலோ பிரஜாவுரிமை எடுத்து இலங்கைப் பிரஜாவுரிமையை மீளப் பெறாதவர் எவ்வளவு காசோடு வந்தாலும் தன் பெயரில் உறுதி முடிக்க இயலாது. இதை அறியாத தரகர் கூட்டிவரும் "வெளிநாட்டுப் பாட்டி" உங்கள் நேரத்தை மட்டுமே தின்னும்.

சந்திப்பின் முடிவில் உறுதியின் போட்டோப் பிரதியைக் கொடுத்து, இரண்டு நாளில் வரச் சொல்லுங்கள். பிரதியின் குறுக்கே "பார்வைக்கு மட்டும்" என்று எழுதித் திகதியிடுங்கள். திரும்பி வரும்போது "எல்லாம் ஓகே" என்றால் அவர் வாசிக்கவில்லை. "தெற்கு எல்லையில் பேர் மாறியிருக்கு, பிளான் போடவேணும்" என்றால் ஆள் வேலை தெரிந்தவர். மூவரில் யாரைத் தெரிவு செய்வது என்ற கேள்வி பெரும்பாலும் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

ஒருவரா, பலரா

பத்துப் பேரிடம் சொன்னால் கெதியாக விற்கும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது வேறு. ஒருவர் 2 கோடி 40 என்பார், மற்றவர் 2 கோடி 20க்குத் தருவார்கள் என்பார், மூன்றாமவர் 2 கோடி 60 என்று தொடங்குவார். மூன்று விலையும் ஒரே வாங்குபவரின் காதில் விழும். அவர் ஆகக் குறைந்ததற்கும் கீழே கேட்பார். விற்ற பிறகு "பாட்டியைக் காட்டினது நான்தான்" என்று இரண்டு பேர் தரகு கேட்டு வாசலில் நிற்பார்கள். ஒருவருக்கு 90 நாள் கொடுங்கள். சரிவராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுங்கள். அவசரமாக விற்றே ஆகவேண்டியவர்கள் இரண்டு பேரை வைக்கலாம், விலை மட்டும் இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

காலத்தையும் யோசித்து அந்த 90 நாளைத் தொடங்குங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மார்கழி விடுமுறையும் புலம்பெயர்ந்தோர் ஊரில் நிற்கும் நேரம். ஆடியில் வீடு பார்ப்பார்கள், ஆனால் உறுதி எழுதுவதை ஆவணிக்குத் தள்ளுவோர் பலர். அதற்குள் விமானம் ஏறிவிடுவார்கள் என்பதால் கடதாசிகள் ஆனி மாதமே தயாராக இருக்க வேண்டும்.

எழுத்தில் போட வேண்டியவை

தரகு வாய்ப்பேச்சில் நடப்பதே ஊர் வழக்கம். எழுதக் கேட்டால் "என்னிலை நம்பிக்கை இல்லையோ" என்பார்கள். நம்பிக்கை இருக்கிறது, ஞாபகத்தில்தான் சந்தேகம் என்று சொல்லுங்கள். இரண்டு பக்கக் கடிதம் போதும். இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தரகரின் அடையாள அட்டை இலக்கமும், பெயர் வைத்துத் தொழில் செய்பவரென்றால் வியாபாரப் பெயர்ப் பதிவு இலக்கமும் அதில் இருக்கட்டும்.

தரகு வீதம் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்று பேசப்படுவது வழக்கம். 2 கோடி 40 இலட்சத்தில் ஒரு வீத வித்தியாசமே 2 இலட்சத்து 40 ஆயிரம், ஆகவே பேசுங்கள். ஆனால் வீதத்தைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. "உங்கடை கைக்கு 2 கோடி 40 வரும், மிச்சம் எனக்கு" என்ற ஏற்பாடு. கேட்க இலகுவாக இருக்கும். தரகர் வாங்குபவரிடம் 2 கோடி 65 சொல்லி முடித்தால் 25 இலட்சம் உங்கள் கண்ணில் படாமலே போகும். விற்பனை முறிந்தாலும் ஏன் முறிந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எனவே இப்படி எழுதுங்கள்: வாங்குபவர் உண்மையாகக் கொடுக்கும் முழு விலையே தரகுக்கு அடிப்படை, உரிமையாளர் ஒப்பாத விலையைத் தரகர் எவருக்கும் சொல்லக்கூடாது, விலை முடிவாகும் பேச்சு வாங்குபவரும் உரிமையாளரும் முகம் பார்த்தோ போனிலோ நடக்க வேண்டும்.

தரகு எப்போது கொடுபடும் என்பதையும் குறியுங்கள். உறுதி கையொப்பமாகி, முழுக் காசும் வங்கியில் ஏறிய நாளில். முற்பணத்தன்று பாதி கேட்பார்கள், கொடுத்தால் மிச்ச வேலைக்கு அவர் கால் நகராது.

யாருக்கு விற்றால் தரகு இல்லை என்பதும் வேண்டும். முன்னுரிமை உரித்தைப் பாவித்து உங்கள் கூட்டுரிமையாளரே வாங்கினால், ஏற்கனவே பேசிக்கொண்டிருந்த அயலவர் வாங்கினால் எப்படி என்று பெயர் குறித்தே எழுதுங்கள். தேசவழமைக் காணியில் இது கட்டாயம். தரகர் ஆளைக் கொண்டுவந்து விலை பொருந்திய பிறகு தம்பி "நான் எடுக்கிறன்" என்று வந்தால் இந்த வரி இல்லாமல் சண்டை நிச்சயம்.

தரகர் காட்டிய ஒவ்வொருவரின் பெயரையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி அவரிடம் கையொப்பம் வாங்குங்கள். காலம் முடிந்து மூன்று மாதத்துக்குள் அந்தப் பட்டியலில் உள்ளவர் வாங்கினால் தரகு உண்டு, மற்றவருக்கு இல்லை. விளம்பரச் செலவு யாருடையது, நிறுத்த எத்தனை நாள் அறிவித்தல் என்பவை ஒவ்வொரு வரியில் முடியும்.

தரகரிடம் கொடுக்கக் கூடாதவை

மூல உறுதி. அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகக் கையொப்பமிடும் அதிகாரம்). முற்பணம் வாங்கும் அதிகாரம். இந்த மூன்றில் ஒன்றைக்கூட, எவ்வளவு பழகிய ஆளென்றாலும் கொடுக்கக் கூடாது.

வெளிநாட்டில் இருந்து விற்பவர்கள் சறுக்குவது இரண்டாவதில். அற்றோணித் தத்துவத்தை இங்குள்ள நம்பிக்கையான உறவினருக்கு, குறிப்பிட்ட காணிக்கு மட்டும், ஆகக் குறைந்த விலையும் காசு போகவேண்டிய வங்கிக் கணக்கும் குறித்துக் கொடுங்கள். இலங்கைத் தூதரகத்தில் அதை எவ்வாறு ஒப்பமிடுவது, இங்கே எங்கு பதிவது என்று நொத்தாரிசிடம் முன்கூட்டியே கேளுங்கள். பூட்டிய வீட்டில் காவலுக்கு ஆள் இருந்தால் அனுமதியின் பேரில் இருக்கிறார் என்று எழுத்து வாங்கி வையுங்கள். அவரையே தரகராக்காதீர்கள். வீடு விற்றால் இருப்பிடம் போகும் ஒருவர் எப்படி உற்சாகமாக விற்பார்?

முற்பணமும் வரியும்

1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பனையும், விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும். தரகர் கொப்பித்தாளில் எழுதி முத்திரை ஒட்டித் தரும் "அட்வான்ஸ் துண்டு" காசு வாங்கியதற்குச் சாட்சியாகலாம், விற்பனையைக் கட்டாது. முற்பணம் வாங்குவதென்றால் நொத்தாரிசு உடன்படிக்கையோடு வாங்குங்கள். மிச்சக் காசுக்கான கடைசித் திகதியும், வாங்குபவர் பின்வாங்கினால் முற்பணத்துக்கு என்ன நடக்கும் என்பதும் அதில் இருக்கட்டும்.

முத்திரைத் தீர்வை வாங்குபவரின் செலவு: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 2 கோடி 40 இலட்சத்துக்கு 9 இலட்சத்து 59 ஆயிரம் ரூபா. இதைக் குறைக்க "உறுதியிலை ஒண்டரைக் கோடி போடுவம்" என்று தரகர் சொன்னால் மறுத்துவிடுங்கள். மிச்சக் காசு கையில் வரும், அதற்கு உங்களிடம் கணக்கு இருக்காது.

உங்கள் பக்கம் உள்ளது மூலதன ஆதாய வரி. தனிநபருக்கு 2025 ஏப்ரல் முதல் ஆதாயத்தில் 15 வீதம். விற்குமுன் குறைந்தது மூன்று வருடம் சொந்தமாக வைத்து, அதில் இரண்டு வருடமாவது குடியிருந்த பிரதான வதிவிடத்துக்கு விலக்கு உண்டு. பூட்டிக்கிடந்த வீட்டுக்கு அந்த விலக்குக் கிடைக்காது. 2017 செப்டெம்பர் 30 இல் ஏற்கனவே உங்களிடம் இருந்த சொத்தாயின் அன்றைய சந்தைப் பெறுமதியே அடிவிலை. மதிப்பீட்டாளரிடம் அதற்கான அறிக்கையை விற்குமுன் எடுங்கள். விற்ற பின் வரி விபரத்திரட்டுக் கொடுக்க ஒரு மாதம்தான் இருக்கிறது. "வரி ஒண்டும் வராது" என்று தரகர் சொல்வதைப் பதிலாக எடுக்காதீர்கள்.

உறுதி எழுதும் நாள்

காலையில் பதிவேட்டை இன்னொருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வரைவை முதல்நாளே வாங்கி, காணிப் பெயர், பரப்பு, குழி, எல்லைகள், கிணற்றுப் பங்கு, அடையாள அட்டை இலக்கங்கள் ஆகியவற்றை விரல் வைத்துச் சரிபாருங்கள். காசு வங்கி வரைவோலையாகவோ கணக்கு மாற்றாகவோ வரட்டும். காசு ஏறியதை நீங்களே வங்கியில் கேட்டு உறுதிப்படுத்திய பின் கையொப்பமிடுங்கள். தரகர் காட்டும் வட்ஸ்அப் படத்தை நம்பிப் பேனாவை எடுக்க வேண்டாம்.

தரகைக் காசோலையாகக் கொடுத்து, "முழுத் தரகும் பெற்றுக்கொண்டேன், வேறு எவருக்கும் கொடுக்க வேண்டியதில்லை" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். சங்கிலியில் பின்னால் நிற்கும் தரகர்கள் படலைக்கு வந்தால் காட்ட அது உதவும். கொடுத்த உறுதிப் பிரதிகளைத் திருப்பி வாங்குங்கள். திறப்பைக் கொடுக்கும்போது மின்மானி வாசிப்பைப் படம் எடுத்து வைத்து, அந்த மாத பில்லைக் கட்டி, இணைப்பைப் பெயர் மாற்றுவதற்கான கடிதத்தையும் வாங்குபவரின் கையில் கொடுத்துவிடுங்கள்.